அடுப்பெரியாப்பட்டியில் ஒரு மனை

விளாங்குடி,
ஆடி மாதக் கடைசி ஞாயிறு.

அன்பு மகன் பீமாராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிற உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம், அங்கே நீயும் திவ்யாவும் திவ்யாவின் வயிற்றில் இருக்கும் ஆறு மாதக்காரரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். தினமும் போனில் மூஞ்சியைப் பார்த்துப் பேசுகிற காலத்தில் இந்தக் கிழவனுக்கு என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் போடுவாய், திவ்யாவும் கேட்பாள். மாசமாக இருக்கிறவள் காதில் இது என் வாயால் விழ வேண்டாம். நாம் கோரிப்பாளையத்தில் குடியிருந்தோமே, அந்த வீட்டுக்கார நாகூர் கனி பாயின் மகன் சிராஜ் வியாழக்கிழமை மஸ்கட் கிளம்புகிறான். அவன் கையில் இட்லிப் பொடியும் வடகமும் இந்தக் கடிதமும் கொடுத்து விடுகிறேன். பொடி திவ்யாவுக்கு, கடிதம் உனக்கு. முதலில் நீ தனியாகப் படி.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வீடு மாறப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் போன மாதம் வரை வலியையே மறந்திருந்தாள். பித்தளைப் பாத்திரம் எல்லாம் சாக்கில் கட்டியாகிவிட்டது. கிரைண்டருக்குப் பழைய சேலையைச் சுற்றி, கல்யாணப் பெண் மாதிரி மூலையில் உட்கார வைத்திருக்கிறாள். வாடகை வீட்டுக்காரரிடம் ஆவணியில் காலி செய்கிறோம் என்று நான் சொல்வதற்கு முன்பே அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நான் இப்போது சொல்லப் போவதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நீ தெரிந்துகொள்ளத்தான். ராவு, அந்த வீட்டில் நாம் குடியேற வேண்டாம். ஆவணியில் பால் காய்ச்ச வேண்டாம். திவ்யாவை அந்த வீட்டில் பிரசவத்துக்கு வைக்க வேண்டாம். அப்பாவுக்கு வயசாகிவிட்டது, எதையோ பார்த்துப் பயந்துவிட்டார் என்று நினைக்காதே, முழுசாகப் படி.

வீடு நன்றாகத்தான் வந்திருக்கிறது. நீ வீடியோவில் பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது. மேற்குப் பார்த்த ஜன்னலைத் திறந்தால் தூரத்துக் கண்மாய்க்கரை வரைக்கும் கரிசல் காடு, நடுவில் ஒரு வீடு கிடையாது, கரைக்குப் பின்னால் மலை. திருமங்கலத்தில் பஸ் ஏறி அரை மணி நேரத்தில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தால் நம் வாசல். அங்கே மனை வாங்குகிறேன் என்று நீ சொன்ன அன்று என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? அரசாங்கக் கணக்கில் ஆளே இல்லாத கிராமம் அப்பா, ஊரே இல்லாத ஊரில் மேலத்தெரு ஏது கீழத்தெரு ஏது, நாம் போய்த்தான் முதல் தெரு போட வேண்டும் என்று சொன்னாய். அன்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான், யார் எந்த ஸ்டாப்பில் இறங்குகிறான் என்பதைப் பார்த்தே அவன் எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லாத இடம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது. அந்த ஊர் ஏன் ஆள் இல்லாமல் கிடக்கிறது என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுப்பெரியாப்பட்டி என்று ஒரு பெயரைக் காகிதத்தில் பார்த்துவிட்டும் கேட்கவில்லை. மனை விற்ற புரோக்கரிடம் ஒரு தடவை பேச்சுவாக்கில் கேட்டேன். அந்தக் காலத்தில் சமைக்காமல் காற்றைக் குடித்தே வாழ்ந்த ஒரு சித்தர் அங்கே இருந்தாராம், அதனால் அந்தப் பெயராம், நிலத்துக்கே தெய்வீகம் என்றான். அதற்குள் அவனே வாசலில் எழில்மலர் அவென்யூ என்று வளைவு கட்டிவிட்டான். சித்தருக்கு அதுவும் சம்மதம்தான் போலிருக்கிறது என்று நான் சிரித்துவிட்டு வந்தேன்.

முதலில் உறுத்தியது அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டின அன்றைக்குத்தான். மேலே ஒரு முழம் கரிசல் மண், அதற்குக் கீழே ஆற்று மணல். நல்ல பருமணல், கழுவி வைத்த மாதிரி. கொத்தனார் சின்னக்கருப்பனுக்கு ஒரே குஷி, மனைக்கு உள்ளேயே மணல் கிடக்குது கண்டக்டர் சார், ஒமக்கு யோகம்தான் என்றார். சுற்றுவட்டத்தில் ஆறு கிடையாது, இந்த மணல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது, பிறகு யோகம் என்ற சொல்லில் நானும் மயங்கிவிட்டேன். மணலுக்கு அடியில் இன்னும் தோண்டினபோது மூன்று கல் வந்தது, முக்கோணமாக வைத்த கல், உள்பக்கம் கரி பிடித்தது. செப்டிக் டேங்குக்குத் தோண்டின இடத்தில் இன்னொரு மூன்று கல். பக்கத்து மனைக்காரரும் தன் குழியில் அதே மாதிரி எடுத்ததாகச் சொன்னார். யாரோ ஆடு மேய்க்க வந்தவர்கள் சமைத்திருப்பார்கள் என்று பேசிக்கொண்டோம். ஆடு மேய்க்க வந்தவன் ஆள் உயரக் குழிக்குள் இறங்கியா சமைப்பான்? அன்று அது எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்தது வேலையாட்கள். அவர்கள் யாரும் அந்த இடத்தில் ஒரு சுள்ளியைக்கூடப் பற்ற வைக்கமாட்டார்கள். காலையிலேயே தூக்குச் சட்டியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள், மத்தியானம் ஆறின சோறுதான், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார்கள். அந்தப் பக்கம் ஆட்டுக்கிடை போடுகிறவர்களும் கிடையை ரோட்டுக்கு அந்தப் புறம்தான் போடுகிறார்கள். உனக்கு என் குணம் தெரியுமே. பூனை குறுக்கே போனால் அதற்கு வழி விட்டுச் சல்யூட் அடிக்கிறவன் நான். உனக்கு யார் பெயரை வைத்தேனோ அவர் பெயருக்காவது இந்த மூட நம்பிக்கையை உடைக்க வேண்டும் என்று, ஒரு நாள் மூன்று செங்கல்லை வைத்து, கருவேல விறகைப் போட்டு, எல்லாருக்கும் டீ போட்டேன். அடுப்பு ஜம்மென்று எரிந்தது. பார்த்தீர்களா, அடுப்பெரியாப்பட்டியில் அடுப்பு எரிகிறது என்று பெருமையாகச் சொன்னேன். ஆண்கள் சிரித்துக்கொண்டே குடித்தார்கள். ஒச்சம்மாள் என்று ஒரு சித்தாள், நடு வயசு, அதிகம் பேசாத பொம்பளை, டம்ளரைத் தொடவே இல்லை. ஏன்மா பேய் வந்து ஊதி அணைச்சிடுமா என்று கேலியாகக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எரியும்ணே, எரியாம என்ன, எங்கிட்டு வச்சாலும் தீ எரியத்தான் செய்யும், அணைக்க வாரதப் பத்தித்தான் பேச்சு, நீங்க கண்மாய்க்கரையில போயி காளையைக் கேளுங்க என்றாள்.

காளையை எனக்கு முன்பே தெரியும். மேற்கே கரைமேட்டுப்பட்டி என்ற பெரிய ஊர், அதன் கண்மாய்க்கு மராமத்து பார்க்கிற சங்கத்தில் அவர் முக்கியமான ஆள், என் ரூட்டில் நிறைய வருஷம் வந்தவர். போனதும் வாங்க கண்டக்டரே என்று நல்லபடியாகத்தான் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருக்குச் சில்வர் டம்ளரில் டீ, எனக்குப் பேப்பர் கப்பில். அதை விடு, அது நமக்குப் புதுசா. கரை மேல் கூட்டிப் போய்க் காட்டினார். நீ பார்த்திருக்கமாட்டாய், பெரிய கண்மாய், மலையில் பெய்கிற மழை முழுக்க அதில்தான் வந்து விழும். நம் மனையில் வெயில் அடிக்கும், வானம் நீலமாக இருக்கும், அங்கே கண்மாய் நிறைந்துகொண்டிருக்கும். கரையின் தெற்கு ஓரத்தில் ஓர் இடம் மட்டும் தாழ்ந்து கிடந்தது. வடக்குப் பக்கம் ஊர் இருப்பதால் அங்கே கல் பதித்துப் பலமாக வைத்திருக்கிறார்கள், மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள், இங்கே ஒன்றும் இல்லை. இது என்ன அண்ணே என்றேன். வெட்டுவாய் என்றார். மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலுங்கு தாங்காமல் தண்ணீர் கரை ஏறும்போது ஊரைக் காப்பாற்ற இந்த இடத்தை வெட்டிவிடுவார்களாம். அங்கே நின்று நேராகப் பார்த்தால் எழில்மலர் அவென்யூ வளைவு தெரிகிறது, அதற்குப் பின்னால் நம் வீட்டு மொட்டை மாடி தெரிகிறது, உன் அம்மா ஆசைப்பட்டுக் கேட்ட நீலக் கலர் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிகிறது.

பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை, ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் கரைமேட்டுப்பட்டிப் பண்ணையில் வேலை செய்த சனங்களைக் கண்மாய்க்குக் கீழே, இப்போது நம் மனை இருக்கிற பள்ளத்தில் குடிவைத்திருந்தார்களாம். யார் என்று அவர் சொல்லவில்லை, ஒங்க ஆளுகதான் கண்டக்டரே என்று மட்டும் சொன்னார். ஒரு கார்த்திகையில் மலையில் விடாத மழை, பொழுது இறங்குகிற நேரத்தில் கரை ததும்பிவிட்டது, பெரியவர்கள் கூடித் தெற்கே வெட்டிவிட்டார்கள். கீழே சொல்லி அனுப்பவில்லையா என்று கேட்டேன். ஆள் அனுப்புனதாத்தான் சொல்லுவாக, அனுப்புன ஆளு பாதியிலேயே திரும்பிட்டான்னும் சொல்லுவாக, யாரு கண்டா என்றார். விடிந்ததும் ஊர் சனம் கரை மேல் ஏறி நின்று பார்த்ததாம். தினமும் அந்த நேரத்துக்குப் பள்ளத்தில் கஞ்சி காய்ச்சுகிற புகை வரிசையாக எழும்புமாம். அன்று ஒரு புகையும் இல்லை. தண்ணீர் மட்டும் நிற்கிறது. கரையில் நின்ற எவனோ, என்னடா இன்னைக்கு ஒரு அடுப்பும் எரியலயே என்று கேட்டானாம். அன்று தொட்டு அந்த இடத்துக்கு அதுதான் பெயர். அதற்கு முன்னால் அந்த ஊருக்கு என்ன பெயர் என்று கேட்டேன், தெரியாது என்றார். அந்தச் சனங்களோடு பெயரும் போய்விட்டது ராவு.

இதோடு நின்றிருந்தால் பழங்கதை என்று விட்டிருப்பேன், எந்த மண்ணைத் தோண்டினாலும் நம் ஆட்கள் எலும்புதான் என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வந்திருப்பேன். ஆனால் வெட்டுவது நிற்கவே இல்லை. பெருமழை வந்த வருஷம் எல்லாம் அங்கேதான் வெட்டியிருக்கிறார்கள், நீ ஒன்பதாவது படித்த வருஷம்கூட வெட்டியிருக்கிறார்கள். கருவேலங்காட்டுக்குள் தண்ணீர் போனால் யாருக்கு என்ன, செய்தித்தாளில்கூட வந்திருக்காது. இப்போது கண்மாயை ஆழப்படுத்திக் கரையை உயர்த்தியிருக்கிறார்கள், முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் பிடிக்கும். அந்தத் தண்ணீர் வடிந்து போக இருந்த ஓடையை நம் லேஅவுட்காரன் மூடி ரோடு போட்டுவிட்டான். நான் காளையிடம் கேட்டேன், இப்போது கீழே வீடு வந்துவிட்டதே, மருமகள் பிரசவத்துக்கு வருகிறாளே, இந்த வருஷம் தண்ணீர் ஏறினால் என்ன செய்வீர்கள் என்று. அவர் என்னைப் பார்த்து நிஜமாகவே யோசித்தார். யோசித்துவிட்டு, வேற எங்க வெட்டுறது கண்டக்டரே என்று என்னிடமே கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவர் வழி கேட்கிற மாதிரி கேட்டார். வெள்ளம் வரும் முன்னே அணை போட வேண்டும் என்பார்கள், இவர்கள் வெள்ளம் வந்தால் வெட்டுவதற்கு இடத்தை வைத்திருக்கிறார்கள்.

சரி, சர்க்காராவது தகவல் சொல்லுமே என்று தாலுகா ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். அங்கே இருந்த பெண் மரியாதையான பிள்ளை, கம்ப்யூட்டரில் பார்த்தது. வெள்ள எச்சரிக்கை குடியிருப்பு உள்ள கிராமங்களுக்குத்தான் போகும் சார், அடுப்பெரியாப்பட்டியில ஜனத்தொகை சைபர்னு இருக்கு என்றது. இப்போது வீடு கட்டுகிறோமே அம்மா என்றேன், குடியேறி, பதிஞ்சு, அடுத்த கணக்கெடுப்பு வரட்டும் சார், அப்புறம் மாறும் என்றது. மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள். உனக்குப் பிடித்த அந்த ஆளே இல்லாத ஊர் என்பதற்கு அர்த்தம் இதுதான்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அழுவாள், திட்டுவாள் என்றுதான் நினைத்தேன், இவ்வளவு ஆசையாக மூட்டை கட்டினவள். பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். எங்க அம்மா கார்த்திகையில ஒரு நாள் காலையில அடுப்பே பத்த வைக்காதுங்க, முதல் நாள் சோத்துல தண்ணி ஊத்தி வச்சதத்தான் தரும், என்னத்துக்குன்னு கேட்டா, நம்ம வீட்டு வழமை, அன்னைக்கு எரிக்கப்படாது அம்புட்டுத்தான்னு சொல்லும், அதுக்கும் தெரியாதுன்னுதான் நெனைக்கேன் என்றாள். நாங்கள் மதுரைக்குக் குடிவந்து என் ஷிப்டுக்குச் சமைக்கிற அவசரத்தில் அந்த வழக்கம் தானாக விட்டுப்போய்விட்டது. அந்தத் தண்ணீரில் தப்பிய யாரோ ஒருத்தி நடந்து போய் எங்கேயோ பிழைத்து, மகளுக்கும் மகளின் மகளுக்கும் காரணத்தைச் சொல்லாமல் நாளை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். உறுதியாகச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் உன் அம்மா அன்று குழம்பை முடிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ராவு. பேய்க்குப் பயந்ததே இல்லை, இப்போது நல்ல மனுஷர்களைப் பார்த்துப் பயமாக இருக்கிறது.

நல்ல மனுஷர் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா, போன வெள்ளிக்கிழமை காளை நம் வீடு தேடி வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார். அன்னைக்கு நீங்க பேசிட்டுப் போனதுலருந்து மனசே சரியில்ல கண்டக்டரே, வெட்டுற நெலம வந்துச்சுன்னா ஒங்களுக்கு மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லிப்புடுறேன், புள்ளத்தாச்சிப் பொம்பளையக் கூட்டிக்கிட்டு ரோட்டுக்கு ஏறிருங்க என்று தன் நம்பரைக் கொடுத்தார். ஒங்களுக்கு மட்டும் என்றார், அதை இரண்டு தடவை சொன்னார். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்வது, உன் பிள்ளை ஆயிற்றே. அங்கே வாணம் போட்டிருக்கிற மற்றவர்களுக்கு எந்தப் போனும் வராது.

அதனால் நான் முடிவு செய்துவிட்டேன், உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவலாகச் சொல்கிறேன். இந்த வாரம் முழுக்க அந்த லேஅவுட்டில் மனை வாங்கின ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், மணலையும் மூன்று கல்லையும் வெட்டுவாயையும் சொல்லப் போகிறேன். நம்பாதவர்களைக் கரை மேல் கூட்டிப் போய் நிறுத்திக் காட்டுவேன். எல்லாரும் சேர்ந்து கலெக்டர் வரை போக வேண்டும், அந்தத் தெற்குக் கரைக்கும் கல் பதிக்க வேண்டும், ஓடையைத் திறக்க வேண்டும், அது நடக்கிறவரை யாரும் அங்கே குடியேறக் கூடாது. இது வெளியே தெரிந்தால் நம் வீட்டை ஒருத்தனும் வாங்கமாட்டான், நீ வெயிலில் நின்று சம்பாதித்தது மண்ணோடு மண்ணாக நிற்கும். உனக்கு என் மேல் கோபம் வரும், வரட்டும், நானும் இரண்டு நாள் தூங்காமல்தான் இதை முடிவு செய்தேன். ஆனால் சத்தமில்லாமல் இன்னொருத்தன் தலையில் அந்த வீட்டைக் கட்டிவிட்டு நாம் நகர்ந்துகொண்டால், பாதியிலேயே திரும்பி வந்த அந்த ஆளுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் இருக்கிறது.

திவ்யாவுக்குப் பிரசவம் இந்த விளாங்குடி வாடகை வீட்டில்தான். இடம் சின்னது, குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வருகிறது, ஆனாலும் உன் அம்மா மூட்டையெல்லாம் பிரித்து அடுக்கத் தொடங்கிவிட்டாள். நாகூர் கனி பாயின் வீட்டு அம்மா அஜ்மல் பீவி தானும் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். திவ்யாவிடம் பயமுறுத்தாமல் சொல், வீட்டில் இன்னும் பூச்சு காயவில்லை என்று இப்போதைக்குச் சொன்னாலும் போதும். விமானத்தில் வரும்போது காலைத் தொங்கப் போட்டபடி உட்காரவிடாதே, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல். நீயும் வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் தலை நிமிர்ந்து வாழ வேண்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும் என்றைக்கும் உங்களுக்கு உண்டு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மொட்டை மாடியில் நின்று நான் எடுத்து அனுப்பிய வீட்டுப் படத்தை நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டு, ஊரே இல்லாத ஊரில் நம் முதல் தெரு என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதை இன்றைக்கே எடுத்துவிட்டு, யாரும் அங்கே வாங்க வேண்டாம் என்று உன் கையால் எழுது. மனை வாங்கினவர்கள் பெயரையெல்லாம் நேற்று விசாரித்துப் பார்த்தேன். சொந்தமாகத் தெரு இருக்கிற எவனும் அங்கே வாங்கவில்லை. எல்லாரும் நம் ஆட்கள்தான், பாதிப் பேர் உன் படத்தைப் பார்த்து வந்தவர்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சுடலை